என் மூக்கில் எடுத்த குச்சி

நாற்காலியைச் சுவரோரம் போட்டது நல்லதாய்ப் போயிற்று, ஐயா. வலது தோளைச் சாய்த்துக்கொள்ள எனக்கு இடம் வேண்டும். இருபது வருடம் பெட்டி தூக்கிய தோள். இப்போது சட்டை மாட்டக் கையை உயர்த்தினாலே எலும்பும் எலும்பும் உரசுவது எனக்குக் கேட்கும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தோள்வலியையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

குளிர் கிடங்கில் டெஸ்ட் எப்படி நடந்தது என்று கேட்டீர்கள். ஒளிக்க ஒன்றுமில்லை. என் கும்பலில் எட்டு ஆள், நான் மேஸ்திரி. மேஸ்திரி தூக்க மாட்டான். லாரிக் கதவருகே வெயிலில் நின்று பெட்டியை எண்ணி விடுவான். ஆள் ஒன்று குறைந்தால் மட்டும் அவனும் உள்ளே போய்த் தோள் கொடுக்க வேண்டும். எங்கள் தொழிலில் அது எழுதாத சட்டம்.

நோய் பரவிய பிறகு திங்கட்கிழமைதோறும் கேட்டிலேயே டெஸ்ட். மூக்கில் குச்சியை விட்டுச் சுழற்றிக் குழாயில் போட்டால் மறுநாள் போனில் முடிவு வரும். வந்தது ஒரே ஒரு நர்ஸ், சின்னப் பெண். ஆட்கள் அவளிடம் முரண்டு பிடித்தார்கள். ஒருவன் குச்சியைக் கண்டதும் பின்வாங்கிப் பின்வாங்கி ரோட்டுக்கே போய்விட்டான். "நான் எடுத்துத் தர்றேன்மா. எங்கிட்டன்னா அடங்குவானுங்க" என்றேன். அவளுக்கும் உயிர்ப்பயம் இருக்கும்தானே. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து குழாய்களில் பேர் ஒட்டினாள். நான் குச்சியைப் பிடித்தேன்.

முதல் மாதம் ஒழுங்காகத்தான் எடுத்தேன். ஒருவனுக்கு இருக்கிறது என்று வந்தது. கும்பல் முழுவதையும் கூலி இல்லாமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது ஆட்கள் பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருந்தார்கள். அதற்கப்புறம்தான் எட்டுக் குச்சியையும் என் மூக்கிலேயே விட ஆரம்பித்தேன். வெளியில் நிற்கிறவன் மூக்கு, சுத்தமான மூக்கு. ஆட்களுக்கெல்லாம் தெரிந்துதான் நடந்தது.

"மேஸ்திரி மூக்குலதான்டா நம்ம வீட்டு அடுப்பு எரியுது" என்பான், கண்ணாடி போட்டதால் சோடாப்புட்டி என்று பேர் வாங்கியவன்.

"பாத்து சிந்துங்க மேஸ்திரி. நம்ம பொழப்பே கொட்டிடப் போவுது" என்பான் இன்னொருவன்.

எட்டு வயிற்றுக்காகச் செய்தேன். அதில் தப்பிருந்தால் என் பேரில் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டது இவ்வளவுதான். என் தங்கச்சியைப் பற்றிக் கேட்கவில்லை. நானாகச் சொல்கிறேன்.

அவள் புருஷனும் என் கும்பல்தான். இரண்டு ஆள் பிடிக்கிற பெட்டியை ஒற்றை ஆளாய்த் தூக்குவான். தங்கச்சிக்கு அப்போது எட்டாம் மாசம். அதற்கு முன்னால் தரித்தது எதுவும் தங்கவில்லை. அவர்களுக்கு ஒற்றை அறை வீடு. நோய்க்குப் பயந்து அவன் மாடிப்படிக்கு அடியில் படுத்தான். அவள் தட்டை வாசலில் வைத்துத் துடைப்பக் கட்டையால் தள்ளிவிடுவாள். "நாய்க்கு வெக்கிற மாதிரி வெக்கிறா மச்சான்" என்று அதையும் பெருமையாகத்தான் சொல்வான்.

ஒரு திங்கட்கிழமை என்னை ஓரமாகக் கூப்பிட்டான்.

"மச்சான், தைலம் தேச்சேன். வாசனையே தெரியல."

"ஐஸ் ரூம்ல கெடக்குற மூக்கு மாப்ள. செத்த எலியே தெரியாது, தைலமா தெரியும்?"

"இல்ல மச்சான். எனக்கு மட்டும் இன்னிக்கு நெசமா எடுங்க. இருக்குன்னா ஆஸ்பத்திரியில போய்ப் படுத்துக்கறேன். இல்லைன்னா உள்ள போய் அவ பக்கத்துல உக்காருவேன். புள்ள உதைக்குதாம். ஒரு தடவ கை வெச்சுப் பாக்கணும்."

"சரி, நிமிந்து நில்லுங்க."

நிஜமாகத்தான் எடுத்தேன். அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சுழற்றினேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்தக் குச்சியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, என் மூக்கில் எடுத்து வைத்திருந்ததை அவன் குழாயில் போட்டேன். அவன் குச்சி கிடங்குக்குப் பின்னால் சாக்கடையில் போயிற்று. அவனுக்கு இருந்ததா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துவிடக் கூடாது என்றுதானே மாற்றினேன்.

மறுநாள் போனைத் தூக்கிக்கொண்டு எல்லாரிடமும் காட்டினான். சாயங்காலம் நானும் அவன் கூடப் போனேன். தங்கச்சி கதவைத் திறந்தாள். "நீங்க எடுத்தா சரியாத்தான்ணே இருக்கும்" என்று எனக்கு டீ கொடுத்தாள். அவன் உள்ளே போய் அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் வாசலில் நின்று குடித்தேன். சூடான டீ. ஒரு வார்த்தை சொல்ல, அந்த டம்ளர் காலியாகும்வரை எனக்கு நேரம் இருந்தது.

அவளுக்குத்தான் மூச்சு நின்றது. பிள்ளை வெளியே வரவேயில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு பேரையும் ஒரே பையில் கட்டித் தந்தார்கள். அவனுக்கும் இருமல் வந்து போயிற்று. அவளிடமிருந்து தனக்கு ஒட்டியதாக நினைத்துக்கொண்டான்.

"அவளுக்கு எங்கேருந்து மச்சான் வந்துச்சு? எனக்குத்தான் இல்லைன்னு வந்துச்சே."

"கடைக்குப் போய்ட்டு வந்தாளே. அங்க ஒட்டியிருக்கும்" என்றேன். அந்தக் கடைக்காரனிடம் அவன் இன்றுவரை பேசுவதில்லை.

எட்டு வயிறு என்று முன்னால் சொன்னேன். அதில் ஒரு திருத்தம் இருக்கிறது. அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின வாரமே கம்பெனி சட்டத்தை மாற்றிவிட்டது. நோய் வந்தவன் மட்டும் வீட்டில் இருந்தால் போதும், அவனுக்கும் பாதிக் கூலி உண்டு என்று சூப்பர்வைசர் என்னிடம் சொல்லியிருந்தார். நான் ஆட்களிடம் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்கு இருக்கிறது என்று வந்திருந்தால் யார் வீட்டு அடுப்பும் அணைந்திருக்காது. ஆள் ஒன்று குறைந்திருக்கும், அவ்வளவுதான். அவன் இடத்துக்கு நான் உள்ளே போயிருக்க வேண்டும். அவன் தூக்குவது இரண்டு ஆள் பெட்டி என்று சொன்னேன் அல்லவா.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறானே, அவன்தான். என்னைத் தனியாக அனுப்ப மனசில்லாமல் கூடவே வந்தான். கையில் தைலப் புட்டி வைத்திருப்பான். என் தோளுக்கு இப்போது அவன்தான் தேய்த்துவிடுகிறான். வாசனையெல்லாம் நன்றாகத் தெரிகிறதாம். நல்ல பிள்ளை. நானும் அவனுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. பெண் கொடுத்தேன், வேலை கொடுத்தேன். ஒரு டெஸ்ட் மட்டும் பாக்கி.