மூன்று என்று சொன்னவன்

ராக் கிதார்க்காரர்களில் ஹெண்ட்ரிக்ஸை முதல் இடத்தில் வைப்பவர்களோடு எனக்குப் பெரிய சண்டை எதுவும் இல்லை. இடது கைக்காரர், வலது கைக் கிதாரைத் தலைகீழாகப் பிடித்து வாசித்தவர், அதுவே ஒரு தகுதி என்பார்கள். சரி. சிலர் கிளாப்டன் என்பார்கள். அதற்கும் தலையாட்டுவேன். நீங்கள் வந்ததும் வராததுமாகத் தேவசகாயத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் பெயர் கோதண்டபாணி. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச் சாயப்பட்டறையில் நானும் அவனும் ஒரே தொட்டியில் வேலை பார்த்தோம். எழுபத்து நாலாம் வருஷம். வேலை முடிந்ததும் முனுசாமியின் சைக்கிள் கடைக்குப் போவோம். ஐந்தாறு பேர் கூடி, உலகத்திலேயே பெரிய ராக் கிதார்க்காரர் யார் என்று அடித்துக்கொள்வோம். மெட்ராஸ் பழைய புத்தகக் கடைகளில் ஆங்கிலப் பத்திரிகைகளைத் தேடி வாங்கி, அகராதியும் கையுமாகப் படித்தவன் நான் ஒருவன்தான். ஆகவே தீர்ப்பு என்னுடையது. யாரும் மறுத்ததில்லை.

தேவசகாயத்துக்குப் பேர்களே தங்காது. பேஜ், பெக் என்ற இரண்டு கிதார்க்காரர்களையும் மாற்றி மாற்றிச் சொல்வான். சர்ச் கிதாரில் பழகியவன். ஆனால் ரேடியோவில் ஒரு தடவை கேட்டதை மறுநாள் அப்படியே வாசித்துவிடுவான். அப்படியே என்பது தப்பு. தன்னுடையதாகக் கொஞ்சம் சேர்த்து வாசிப்பான். நான் எட்டு வருஷம் கிதார் பழகியும் எனக்கு அந்தக் கொஞ்சம் வரவில்லை. வயிறு எரிந்தது என்று சொல்வதில் எனக்கு இப்போது வெட்கமில்லை.

ஒரு நாள் டோனி அயோமி என்ற இங்கிலாந்துக் கிதார்க்காரரைப் பற்றிப் படித்ததைச் சொன்னேன். தகடு வெட்டும் தொழிற்சாலையில் அவருக்கு இரண்டு விரல் நுனி போய்விட்டது. பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு திரும்ப வாசிக்க வந்தார்.

"விரல்ல ஒண்ணும் இல்லபா. அடிபட்டு எழுந்து வரான் பாரு, அவன்தான் பெரிய ஆளு," என்றேன்.

தேவசகாயம் யோசித்தான். "அடிபட்டதால அவரு பெரிய ஆளு ஆவலபா. முன்னாடியே கையில இருந்துது. போவாம பாத்துக்கினாரு, அவ்ளோதான்."

பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த முனுசாமி நிமிராமலே சொன்னான். "நீ பேரச் சொல்லிக்கினு இரு கோதண்டம். அவன் வாசிக்கட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் பஞ்சாட்சரம் என்பவர் மெட்ராஸிலிருந்து வருவதாகத் தகவல் வந்தது. ஓட்டல்களில் வாசிக்கும் குழு அவருடையது. அவருக்கு ஒரு கிதார்க்காரர் தேவை. ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் எங்கள் இருவரையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுப் பார்ப்பார்.

இங்கே எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொதிக்கும் செம்புத் தொட்டிக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் நிற்போம். நடுவில் சிட்டங்களை, அதாவது பட்டு நூல் கண்டுகளை, கோத்த கழி. ஆளுக்கு ஒரு முனை. வாசல் பக்கம் இருக்கும் கையால் கழியைப் பிடிக்க வேண்டும், மற்றக் கையால் சிட்டத்தைத் திருப்ப வேண்டும். ஆவியில் எதிராளியின் முகம் தெரியாது, குரல்தான் கணக்கு. ஒருவன் ஒன்று, இரண்டு, மூன்று என்பான். மூன்றில் இருவரும் சேர்ந்து தூக்க வேண்டும். பட்டு நழுவித் தொட்டியின் அடியில் பட்டால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும், ஒரு சேலைக்கான பாவு நூல் முழுக்கப் பாழ். அதனால் நழுவும் பட்டைப் பார்த்தால் எங்கள் ஆட்களுக்குப் புத்திக்கு முன்னால் கை போய்விடும். பத்து வருஷம் சாயத்தில் நின்ற எவனுக்கும் அப்படித்தான்.

தேவசகாயம் எப்போதும் கிணற்றுப் பக்கம் நிற்பான். அங்கே அவன் கழியைப் பிடிப்பது இடது கையால். வியாழக்கிழமை காலை, என் பக்கம் புகை கண்ணைக் கரிக்கிறது, இடம் மாறிக்கொள்ளலாமா என்று கேட்டேன். ஏன் என்றுகூடக் கேட்காமல் வந்து நின்றான். இப்போது அவனுடைய இடது கை கழியில் இல்லை, சிட்டத்தின் பக்கம் இருந்தது. கிதாரில் தந்திகளை அழுத்தும் கை அதுதான்.

அன்று அரக்குச் சாயம். ஒன்று என்றேன். இரண்டு என்றேன். மூன்று என்று சொல்லிவிட்டு என் முனையை விட்டேன். பட்டறையில் கை நழுவியது என்று சொல்லியிருந்தேன். நழுவவில்லை.

அவன் பட்டைப் பிடித்துவிட்டான். இடது கை முழங்கை வரைக்கும் கொதிக்கும் சாயத்துக்குள் போயிற்று, இருந்தும் விடவில்லை. சிட்டத்தைத் தரையில் போட்ட பிறகுதான் கத்தினான். பிறகு ஆவிக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது.

"உன் மேல படலியேபா?"

படவில்லை என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் மண்டபத்துக்குப் போனேன். பஞ்சாட்சரம் இரண்டு நிமிஷம் கேட்டார். வெற்றிலையை மடித்துக்கொண்டே, "இன்னொருத்தர் வரலியா?" என்றார். என்னை எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மனிதருக்கும் வாசிப்பைக் கேட்கத் தெரியவில்லை.

கட்டுப் பிரித்தபோது தேவசகாயத்தின் விரல்கள் உள்ளங்கையோடு மடங்கி நின்றுவிட்டிருந்தன. தோலில் அரக்கு நிறம் பல மாதம் போகவில்லை. அவன் அம்மா மரியம்மாள்தான் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள். சோறு வைக்கும்போது, கூட வேலை செய்தவன் என்று எனக்கும் ஒரு தட்டு போட்டாள். சாப்பிட்டேன்.

அவனைக் கைவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். நல்ல ஆட்டுத் தோல் வாங்கி, நானே தைத்து, நாலு விரலுக்கும் நாலு தொப்பி செய்துகொண்டு போனேன். அயோமியின் படத்தையும் காட்டினேன். அவன் தொப்பிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, நல்ல தையல் என்று சொல்லி, ஜன்னலில் வைத்துவிட்டான். போட்டுப் பார்க்கக்கூட இல்லை. ஐந்து வருஷமாக அவை அங்கேயே கிடக்கின்றன.

என் பட்டியலில் அவனுக்கு ஓர் இடம் வைத்திருந்தேன். அடிபட்டு எழுந்து வருபவன்தான் பெரிய ஆள் என்று முனுசாமி கடையில் நான் சொன்னதற்கு அவனே சாட்சியாக வந்திருக்கலாம். என்னால் ஆனதை நான் செய்தேன். அவன்தான் முயற்சி செய்யவில்லை.