சொல்ற ஆளு

அது வேணாம்மா. அதைப் படிச்சிருக்கேன். போன வருசம் இதே மேசையில உக்காந்துதான் படிச்சேன். அதுல மூணு சாவு. மூணும் பக்கத்தைத் திருப்பறதுக்குள்ள முடிஞ்சிரும். எனக்கு அது ஆவாது.

சோகக் கதைதான கேட்டீங்கன்னா, நான் எப்பம்மா சோகம்னு கேட்டேன். சோகம் இந்த லைப்ரரி பூரா கெடக்குது. அந்தச் சுவத்துல ஆரம்பிச்சா இந்தச் சன்னல் வரைக்கும் அவனவனும் அழுதுக்கிட்டுத்தான் இருக்கறான். நான் கேட்டது வேற. புள்ள செத்துப்போச்சுன்னு ஒரு தாய்கிட்ட ஒருத்தன் போய்ச் சொல்லணும். எப்பிடிச் சொன்னான், மொத வார்த்தை என்ன, நின்னுக்கிட்டுச் சொன்னானா, உக்காந்து சொன்னானா. அது எழுதியிருக்கற புத்தகம். இருக்குதா இல்லையா, அதைச் சொல்லு.

மெதுவாப் பேசறதுக்கு இங்க யாரு இருக்கறா. பேப்பர் படிக்கறவரு தூங்கறாரு.

இந்தத் தடிப் புத்தகமா? நீ கதவு தொறந்ததுமே இதைத்தான் மொதல்ல எடுத்தேன். அவ அரிசி பொடைச்சிக்கிட்டு இருந்தா, சேதி வந்துச்சுன்னு போட்டிருக்கான். அடுத்த வரியில மொறம் கீழ கெடக்குது. சேதி எப்பிடிம்மா வரும்? அதுக்கென்ன காலா இருக்குது? எவனோ ஒருத்தன் வாசல்ல செருப்பைக் கழட்டி வுட்டுட்டு, உள்ள போயி, வாயைத் தொறந்துதான சொல்லியிருப்பான். அவன் என்ன ஆனான்? அந்த மொறத்தைப் பத்தி அரைப் பக்கம் எழுதியிருக்கான். சொன்னவனுக்கு ஒரு பேரு கூட வெக்கல.

இது வெளிநாட்டுக் கதை. நல்லாத்தான் எழுதியிருக்கான். பனி பேயுது. ஒருத்தன் வந்து கதவுகிட்ட நிக்கறான். தொப்பியைக் கழட்டறான். அவ்வளவுதான், அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருது. நான் எதைக் கழட்டறது? நம்ம பக்கம் தொப்பி போடறவன் போலீஸ்காரன்தான்.

தத்துவமா. அந்த அலமாரியும் பாத்தாச்சு. எல்லாம் மாயைன்னு ஒருத்தன் தலகாணி ஒசரத்துக்கு எழுதியிருக்கான். மாயைன்னா ஒரு பக்கத்துல முடிச்சிருக்க வேண்டியதுதான. இன்னொருத்தன், ஆசைதான் துன்பத்துக்கு வேருங்கறான். சரி, இருக்கட்டும். அதைக் காரியத்துக்கு வந்தவங்க சாப்பிட்டுட்டு வெத்தலை போடறப்ப பேசலாம். மொத நிமிசத்துக்கு ஆவாது. பெத்தவகிட்ட போயி, நீ ஆசை வெச்ச, அதனாலதான் அழுவறன்னு சொன்னா, வெளக்கமாத்தால சாத்துவா. சாத்தட்டும், அது நாயந்தான்.

நீயே நெனச்சுப் பாரு. துன்பத்தைப் பத்தி எழுதினவன் பூரா, ஒண்ணு அது வர்றதுக்கு முந்தி எழுதறான், இல்லாட்டி வந்துட்டுப் போனதுக்கு அப்பறம் எழுதறான். வாசல்ல வந்து நிக்கறப்ப என்ன பண்றதுன்னு ஒருத்தனும் எழுதல. அந்த எடம் வந்ததும் எல்லாரும் வாய்க்காலைத் தாண்டற மாதிரி தாண்டிடறான்.

யாருக்குன்னா, எங்க ஊருல ஒரு வூட்டுக்கு. இன்னிக்கித்தான். பெங்களூருக்கு வேலைக்குப் போன பையன். முனிராஜ்னு பேரு. விடியக்காலைல பல்லு வெளக்கிக்கிட்டே உக்காந்தவன் எந்திரிக்கல. நெஞ்சு. நாப்பது கூட ஆவல. கூட வேலை செய்யற கோவிந்தன்தான் எனக்குப் போன் போட்டான். மொதல்ல சீரியஸ்னான். மறுபடியும் சீரியஸ்னான். டேய், நம்ம பக்கம் சீரியஸ்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும், சொல்லித் தொலைடான்னேன். அப்பறந்தான் சொன்னான். வண்டி வெச்சு எடுத்துக்கிட்டு வர்றாங்க. அது வந்து சேர்றதுக்குள்ள தாய்க்காரிகிட்ட நான் சொல்லியாவணும்.

நீயும் சீரியஸ்னே சொல்லச் சொல்றியா. மத்தவங்ககிட்ட சொல்லலாம். அந்தப் பொம்பளைகிட்ட அது செல்லாது.

பஸ்ல வர்றப்ப சொல்லிப் பாத்தேன். ஒரு சேதின்னு ஆரம்பிச்சேன். பக்கத்து சீட்டுக்காரரு என்ன சேதிங்கன்னாரு. ஒண்ணும் இல்லைங்கன்னுட்டு சன்னலைப் பாத்துக்கிட்டு வந்தேன்.

இரு, போன் அடிக்குது. ம். ம். சரி. டிரைவரை மெதுவா ஓட்டச் சொல்லு. ஆமா, மெதுவாத்தான். வெச்சிரு.

காரிமங்கலம் தாண்டிட்டாங்களாம். ஆம்புலன்ஸை மெதுவா வரச் சொன்ன ஆளு நானாத்தான் இருப்பேன்.

வேற யாரும் இல்லையான்னா, இருக்கறாங்க. எங்க ஊருல இதுக்குன்னே ஒருத்தி இருக்கறா. எந்த வூட்டுக்கு இந்த மாதிரி சேதி வந்தாலும், வந்தவங்க நேரா அந்த வூட்டுக்குப் போவ மாட்டாங்க. அவகிட்ட வந்து சொல்லுவாங்க. அவ அடுப்பை அணைச்சிட்டு, மூஞ்சி கழுவிக்கிட்டு, வேற சேலை கட்டிக்கிட்டுப் போவா. பரம்பரை வேலை ஒண்ணும் இல்ல, யாரும் பாத்து வெச்சதும் இல்ல. எப்பவோ ஒருக்கா ஒரு வூட்டுல சொன்னா. நல்லாச் சொன்னான்னு பேரு ஆயிப்போச்சு. அதுலருந்து அவதான். ராஜப்பன் மக கெணத்துல வுழுந்தப்ப அவதான் போனா. கொரோனாவுல இன்னாசியோட தம்பி போனப்பவும் அவதான். அவங்க வேதக்காரங்க. சர்ச்சுலருந்து சாமியாரு வந்து சேர்ற வரைக்கும் அந்தத் தம்பி பொண்டாட்டி இவ மடியை வுட்டு எந்திரிக்கலயாம்.

என்ன சொல்லுவாளா? அதான எனக்குத் தெரியல. ஆம்பளைங்க உள்ள போவ மாட்டோம். வெளிய நின்னுக்கிட்டு, பந்தலுக்கு யாரு, மேளத்துக்கு யாருன்னு பேசிக்கிட்டு இருப்போம். அவ உள்ள போனதும் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. சொம்பு வெக்கற சத்தம் கூட வெளிய கேக்கும். அப்பறந்தான் அந்த வூட்டுப் பொம்பளை சத்தம் வரும். அந்தக் கொஞ்ச நேரத்துல உள்ள என்ன நடக்குதுன்னு ஒரே ஒருக்காத்தான் கேட்டேன். அது உங்களுக்கு எதுக்கு, போயி சேருக்குச் சொல்லுங்கன்னா. நானும் போயி சேருக்குச் சொன்னேன்.

அவளையே போயிக் கேக்கலாமேன்னா, கேக்கலாம். அவ பெத்ததுதாம்மா வண்டியில வருது.

மத்த பொம்பளைங்களையும் கேட்டுப் பாத்தாச்சு. எங்களுக்கெல்லாம் அவதான சொன்னா, அவளுக்குப் போயி நாங்க என்னன்னு சொல்றதுங்கறாங்க. பக்கத்து வூட்டு நிர்மலா தைரியமாத்தான் போனா. போயி, ஒரு கை புளி கேட்டு வாங்கிக்கிட்டுத் திரும்பி வந்துட்டா. இவ புளியும் குடுத்து, கூட ரெண்டு மொளகாயும் குடுத்து அனுப்பியிருக்கறா.

அதான் இங்க வந்தேன். இத்தனை பேரு இத்தனை பக்கம் எழுதியிருக்கானே, ஒருத்தனுக்காவது தெரியாமயா போயிரும்னு.

இரு, மறுபடியும் போன்.

ம். லைப்ரரியிலதான். ஒண்ணும் இல்ல, பேப்பர் பாக்க வந்தேன். யாரு? அவனை யாரு இப்பவே வரச் சொன்னது. இல்ல, எனக்குத் தெரியாது. நீ எங்கயும் போவாத. அங்கயே இரு. நான் வந்து சொல்றேன். வந்து சொல்றேன்னு சொல்றேன்ல.

கோவிந்தன் இல்லம்மா. என் சம்சாரம், கண்ணம்மா. அந்தச் சொல்ற ஆளு அவதான்.

சாமியானா வண்டி ஊருக்குள்ள வந்து நிக்குதாம். ஆம்பளைங்க ஒருத்தனும் அவ மூஞ்சியைப் பாக்காம போறானாம். எங்கயோ சேதி வந்திருக்குதுன்னு அவளுக்குத் தெரிஞ்சிருச்சு. அடுப்பை அணைச்சிட்டு, சேலை மாத்திக்கிட்டு, வாசல்ல நிக்கறாளாம்.

எந்த வூடுன்னு கேக்கறா.