சோபாவைப் பிடித்த சூரியகாந்திகள்

பெற்றோர்களே, ஆசிரியர்களே, பின்வரிசையில் செல்போன் பார்க்கும் பெரியவர்களே... ஒரு துயரச் செய்தி. என் மூக்கு நுனியின் தோல் இன்று காலை உரிந்து இயற்கை எய்தியது. இறுதி ஊர்வலம் கிடையாது. வாஷ்பேசினிலேயே அடக்கம் முடிந்துவிட்டது.

காரணம்? வெயில். பதினொன்றாம் வகுப்புக்காரன் மூக்குக்கே இந்தக் கதி என்றால்... நாளைக்குக் கோடை முகாமுக்கு நீங்கள் அனுப்பப்போகும் பிஞ்சு மூக்குகளுக்கு?

யோசித்துக்கொண்டே இருங்கள். அதற்குள் ஒரு சின்னக் கதையை உங்கள் காதில் போட்டுவிடுகிறேன்.

போன மார்ச். நம் பள்ளி விளையாட்டு விழாவுக்கு ஒத்திகை. எப்போது? உச்சி வெயிலில். ஏன்? விழாவுக்கு வரத் தலைமை விருந்தினருக்கு அந்த நேரம்தான் தோதாம், அதனால் ஒத்திகையும் அதே நேரத்தில். வெயில் எப்படி? நிழலே பயந்துபோய் மரத்தடியில் ஒண்டிக்கிடந்தது.

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சூரியகாந்தி நடனம். தலையைச் சுற்றி மஞ்சள் காகித இதழ். காலில் செருப்பு கிடையாது. "பூவுக்கு ஏது செருப்பு?" என்றார் டான்ஸ் மிஸ். சரி, பிள்ளைகள் நின்றது எங்கே? சிமெண்ட் தரையில். பந்தல் போட்டது எங்கே? விருந்தினர் சோபாவுக்கு மேலே.

ஒத்திகை என்றால் ஒரு டம்மி விருந்தினர் வேண்டுமே? பி.டி. மாஸ்டர் எட்வின் சார் என்னைப் பிடித்தார். "டேய் குணாளா, உன்ன வெளிய விட்டா ஏழரையக் கூட்டுவ. என் கண்ணு முன்னாடியே உக்காரு."

உட்கார்ந்தேன். மெத்து மெத்தென்று சோபா. பக்கத்தில் டேபிள் ஃபேன். பொன்னாடைக்குப் பதில் தோளில் யாரோ முகம் துடைத்த துண்டு.

எதிரே வரிசை வரிசையாகச் சூரியகாந்திகள், கையைத் தூக்கியபடி. சார் சொல்கிறார்: "கெஸ்ட் பேசி முடிக்கிற வரைக்கும் யாரும் கையை எறக்கக் கூடாது." முன்வரிசையில் மிஸ்பா என்று ஒரு குட்டிப் பெண். முகம் செவசெவ என்று... ஒற்றைக் காலில் நிற்கிறாள், மாற்றி அடுத்த காலில் நிற்கிறாள். அந்த நடனத்தில் அப்படி ஒரு ஸ்டெப்பே கிடையாது. "மிஸ்பா, ஆடாம நில்லு" என்று சார் அதட்டுகிறார். எங்கே ஆடினாள்? தள்ளாடினாள். விளையாட்டு விழாவில் பிள்ளைகள் விழாமல் இருந்தால் போதும் என்கிற நிலைமை.

மைதானத்தில் எத்தனை பெரியவர்கள்... அதைக் கவனித்த அறிவாளி ஒரே ஒருவன். பெயரைச் சொன்னால் தற்பெருமை. அதனால் விரலை மட்டும் நெஞ்சுப் பக்கம் காட்டுகிறேன்.

எழுந்தான் அவன். பிடித்தான் மைக்கை. கனத்த குரலில், "தலைமை விருந்தினர் என்ற முறையில் ஆணையிடுகிறேன்... பூக்கள் எல்லாம் பந்தலுக்குள் இருக்கட்டும். ஆசிரியப் பெருமக்கள் பூக்கள் நின்ற இடத்தில் நின்று கையைத் தூக்கவும்."

எல்லாரும் சிரித்தார்கள். எட்வின் சார் சிரிக்கவில்லை. விசிலைக் கடித்தபடி என் காதைக் குறிவைத்து வருகிறார்... வருகிறார்... வந்தவர் நின்றுவிட்டார்.

சோபாவில் மிஸ்பா. ஒரு காலை மடித்து வைத்துக்கொண்டு உள்ளங்காலை ஊதுகிறாள். பாதம் சிவந்து கிடக்கிறது.

"ரொம்ப சுட்டுடுச்சாம்மா?"

"சுட்டுச்சு சார். ஆனா நான் கையை எறக்கல சார்."

சார் திரும்பினார். மைதானத்துக்கு நடந்தார். ஷூவைக் கழற்றினார். சாக்ஸைக் கழற்றினார். வெறுங்காலைத் தரையில் வைத்தார்... வைத்த வேகத்தில் எடுத்தார். நேரே பிரின்சிபாலிடம் போனார். "மேடம், பந்தல பிள்ளைங்க பக்கம் போட்டுடலாம். விழாவக் காலைலயே வெச்சுடலாம். கெஸ்ட்டுக்கு நேரம் சரிப்படலன்னா வேற கெஸ்ட் பாப்போம்."

இப்போது உங்களிடம் வருகிறேன். கார் வெயிலில் நின்றால் பெயிண்ட் போகும் என்று உறை போடுகிறோமா இல்லையா? பைக் சீட் சுடும் என்று நிழல் தேடி நிறுத்துகிறோமா இல்லையா? பிள்ளைக்கு மட்டும், "வெளையாடட்டும், உடம்பு உரமாகும்." சூரியகாந்திக்குச் சூரியன் வேண்டும். சூரியகாந்தி வேஷம் போட்ட குழந்தைக்கு... நிழல் வேண்டும். தொப்பி வேண்டும், தண்ணீர் வேண்டும், காலுக்குச் செருப்பு வேண்டும். உச்சிப் பொழுதில் கூரைக்குள் இருக்க வேண்டும். பிள்ளை சொன்னால் கேளுங்கள். சொல்லாவிட்டாலும் போய்த் தரையைத் தொட்டுப் பாருங்கள்.

கைதட்டுகிறீர்கள்... நன்றி. ஆனால் மூன்றாம் வரிசையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தி என்னையே முறைக்கிறாள். சரி மிஸ்பா, சொல்லிடறேன்.

நான் எழுந்திருப்பதற்கு முன்னால் ஒன்று நடந்தது. சார் ஸ்பீக்கர்காரரோடு பேசிக்கொண்டிருந்த நேரம், இவள் தூக்கிய கையோடு நேரே சோபாவுக்கு வந்தாள். "அண்ணா, நீங்க நெஜ கெஸ்ட் இல்லதானே? தள்ளி உக்காருங்க." பின்னாலேயே மொத்தத் தோட்டமும் வந்துவிட்டது. தள்ளினேன்... தள்ளினேன்... சோபாவே தீர்ந்துபோய்விட்டது. நின்றவனுக்குச் சும்மா நிற்க வெட்கமாக இருந்தது, மைக்கைப் பிடித்தேன்.

அவள் தள்ளாடியதை நான் கவனிக்கவே இல்லை. பிறகு அவளே சொன்னாள். அந்த நேரத்தில் நான்... ஃபேனை என் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தேன்.