தூள் மட்டும் வரலை

– மத்ததெல்லாம் வந்து சேந்துடுச்சு அண்ணி. ஊறுகாய், அப்பளம், தலைக்கு எண்ணெய், தைலம், இவரு கேட்ட லுங்கி. பெட்டிய மூணு தடவ தலகீழா கொட்டிப் பாத்துட்டேன், அம்மா அரைக்கிற மிளகாத்தூள் மட்டும் காணோம்.

– அது வைக்கல பாப்பா.

– வைக்கலையா? பெட்டிக்கே அதுதானே உசிரு! எங்கண்ணன் யாருக்காவது தூக்கிக் குடுத்துட்டாரா?

– குடுத்துட்டாலும்! எச்சக் கையால காக்கா ஓட்டாத மனுஷன்.

– பின்ன என்ன? இங்க டப்பால அடி தெரியுது. சமையக்கட்டுல ஒரு அலமாரித் தட்டையே அதுக்குன்னு ஒதுக்கி வச்சிருக்கேன். கடைத்தூள் போட்டா சின்னவன் தட்டைத் தள்ளி விட்டுடுறான்.

– அடுத்த தடவ பாத்துக்கலாம். இப்ப விடேன்.

– அம்மாகிட்ட குடுங்க, நானே கேக்குறேன்.

– படுத்திருக்காங்க.

– போன வாரமும் படுத்திருக்காங்கன்னுதான் சொன்னீங்க. அண்ணி, நீங்க எதையோ மென்னு முழுங்குறீங்க.

– சொல்றேன் கேளு, பதறாத. அத்தைக்கு வலது கை விளங்காமப் போய் ரெண்டு வருஷமாச்சு.

– என்ன சொல்றீங்க? இப்ப நாலு மாசம் முன்னாடிகூட தூள் வந்துச்சே. அதே நெறம், அதே வாசம்.

– அது நான் அரைச்சது.

– வீடியோல நல்லாத்தானே உக்காந்திருந்தாங்க?

– கை மேல துண்டப் போட்டுக்கிட்டுதான் உக்காருவாங்க. ரெண்டு வார்த்த பேசிட்டு, போதும்னு போன என்கிட்ட நீட்டிடுவாங்க. உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. 'அங்க ஒத்தாசைக்கு ஆளில்லாம ரெண்டு புள்ளைங்களோட மல்லுக்கட்டுறா. தூள் தவறாம போனா நிம்மதியா இருப்பா'ன்னாங்க.

– இருந்தேனே அண்ணி, அப்படித்தானே இருந்தேன். ரெண்டு தடவ லீவு கெடச்சும் வரல. புள்ளைங்க படிப்பு, வீடு மாத்துறோம்னு சாக்கு சொன்னேன். தூள்தான் அதே ருசில வருதே, அம்மா திடமா இருக்காங்கன்னு நெனச்சுக்கிட்டேன். வார்டுல ஊரு பேரு தெரியாதவங்களுக்கெல்லாம் நாடி புடிக்கிற நர்ஸு நான். பெத்தவளுக்குத் தூள நக்கி நாடி பாத்திருக்கேன்.

– உன்ன மட்டும் சொல்லிக் குத்தமில்ல. நானும் சேந்துதானே மறைச்சேன்.

– ருசி எப்படி அண்ணி அப்படியே வந்துச்சு? கோவிச்சுக்காதீங்க, உங்க சமையல்...

– தெரியும், காரம் கூடிப்போகும். உங்கண்ணன் தினமும் பாடுற பாட்டுதான். அத்தை அடுப்புக்குப் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்துப்பாங்க. மல்லி வறுக்கையில 'எறக்கு, எறக்கு'ன்னு வெரட்டுவாங்க. அரைச்சதும் ஒரு சிட்டிகை அவங்க நாக்குல வைப்பேன். 'இன்னும் கொஞ்சம் மல்லி சேரு, பாப்பாவுக்குக் காரம் ஆகாது'ம்பாங்க. அவங்க தலையாட்டினாத்தான் டப்பால அடைப்பேன். கை என்னுது, நாக்கு அவங்களுது.

– போன் போட்டாலே என்ன அனுப்புறீங்கன்னுதான் கேட்டிருக்கேன். சாப்பிட்டியாம்மான்னு ஒரு வார்த்த கேட்டேனான்னு ஞாபகம் இல்ல. வெக்கமா இருக்கு அண்ணி. இந்த மாசமே கெளம்பி வரேன். பெட்டியில எதுவும் கட்ட வேணாம். அம்மா பக்கத்துல உக்காந்துட்டு வந்தா போதும்.

– வா பாப்பா. சீக்கிரம் வா.

– நான் வரேன்னு அவங்ககிட்ட சொல்லுங்க. காதுல விழுந்தா எழுந்து உக்காந்துடுவாங்க. ஆமா, நீங்கதானே அரைக்கிறீங்க, அப்புறம் இந்தத் தடவ மட்டும் ஏன் அரைக்கல?

– அரைச்சேன். வழக்கம்போல நாக்குல வச்சேன். 'பாப்பாவுக்கு அனுப்பணும், சரியா இருக்கான்னு பாருங்க அத்தை'ன்னேன். ரொம்ப நேரம் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்துட்டு, 'எந்தப் பாப்பா?'ன்னு கேட்டாங்க.