சுவரோரத்திலிருந்து உடையுங்கள்

சமையலறைத் தரைக்கு வெள்ளை டைல்ஸ் மட்டும் போடாதீர்கள். மஞ்சள்தூள் சிந்தினால் ஜென்மத்துக்கும் போகாது. நான் சாம்பல் நிறம் எடுத்தேன். சுத்தியலோடு வந்திருக்கிறீர்கள், கவனித்திருப்பீர்கள்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே அழுக்கு ஆகாது. அடுத்தவர் சாப்பிட்ட தட்டைப் பார்த்தாலே குமட்டும். அப்பா விட்டுப்போன வீட்டை இரண்டாகத் தடுத்தபோது பின்பகுதி அண்ணனுக்குப் போனது. முன்பகுதியும் பழைய சமையலறையும் எனக்கு வந்தன. அலமாரியை நகர்த்தினால், சுவரில் விரல் பதியும் அளவுக்குப் பிசுக்கு. அதில் ஒட்டியபடி கரப்பான்பூச்சிக் கால்கள், கால்கள் மட்டும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு சுரண்டினேன். கத்தியிலிருந்து சளிபோல வழிந்தது.

அண்ணன் வாசலில் நின்று சிரித்தான்.

"ஏன்டா, ஒரு பிளம்பரக் கூப்பிட்டா குறைஞ்சா போயிடுவ? ஆணிய விட்டுட்டு விரல்ல அடிக்கிறவன் நீ."

"எல்லாம் வீடியோவுல இருக்குண்ணே."

"அப்படியே எனக்கு ஒரு ஹார்ட் ஆபரேஷனும் பாத்து வச்சுக்க."

அவன் மகள் குட்டி மட்டும் சிரிக்கவில்லை. "சித்தப்பா, உங்களுக்கு நெஜமாவே தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். அதற்கப்புறம் எப்படிப் பிளம்பரைக் கூப்பிடுவது?

கழிவுநீர்க் குழாய் அடைத்துக் கிடந்தது. உள்ளே கையை விட்டால் மயிர், ஊறிப்போன சோறு, பெயர் வைக்க முடியாத ஒரு கொழகொழப்பு. வாந்தி எடுத்தேன். அந்தக் குழாயைச் சிமெண்ட் வைத்து மூடிவிட்டேன். பக்கத்திலேயே தரைக்குள் இன்னொரு குழாயின் வாய் தெரிந்தது. காய்ந்து, வாடையில்லாமல், மரியாதையாக இருந்தது. ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். கடகடவென்று இறங்கியது. சிங்க்கை அதில் இணைத்து, மேலே டைல்ஸ் பதித்தேன். அண்ணன் குனிந்து தடவிப் பார்த்து, "பரவால்லடா, தேறிட்ட" என்றான். அவன் வாயிலிருந்து எனக்கு அப்படி ஒரு சொல் வந்ததே இல்லை.

கொஞ்ச நாளில் அவர்கள் வீட்டில் ஒவ்வொருவராக வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார்கள். "தண்ணி ஒரு மாதிரி நாறுது, வந்து பாருங்களேன்" என்று அண்ணி கூப்பிட்டார். அவர்களுக்கென்று இருக்கும் நிலத்தடித் தொட்டியின் மூடியைத் தூக்கினேன். மேலே எண்ணெய்ப் படலம். அதில் தேயிலைத் தூளும், முந்தைய நாள் நான் தட்டில் ஒதுக்கிய வெண்டைக்காய்த் துண்டுகளும் மிதந்தன. நான் சிங்க்கை இணைத்தது, மொட்டைமாடி மழைநீரை இந்தத் தொட்டியில் சேர்க்க அப்பா எப்போதோ போட்ட குழாயில் என்று அப்போதுதான் உறைத்தது. அன்றிலிருந்து நான் வெண்டைக்காயைத் தொடுவதில்லை.

"எலி ஏதாவது செத்திருக்கும் அண்ணி. பிளீச்சிங் பவுடர் போட்டாப் போதும்."

நானே வாங்கி வந்து போட்டேன். இதையும் நீங்கள் வாக்குமூலத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

அன்றே உடைத்திருக்கலாமே என்பீர்கள். உடைத்தால் அடியில் அந்தக் கொழகொழப்பு, தலைக்கு மேல் அண்ணனின் சிரிப்பு. "தெரியும்னு சொன்னீங்களே சித்தப்பா" என்று குட்டி வேறு கேட்பாள். குழந்தை முன்னால் பொய்யனாக நிற்க எனக்குப் பிடிக்காது.

குட்டியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பழம் வாங்கிக்கொண்டு போனேன். வார்டில் கை கழுவும் இடம் அவ்வளவு அசிங்கம். வீட்டுக்கு வந்து, என் சிங்க்கில்தான் கழுவினேன்.

அவளை அடக்கம் செய்துவிட்டு வந்தவர்களுக்கு என் சமையலறையில்தான் காபி போட்டேன். எச்சில் டம்ளர்களை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். எனக்குத்தான் அழுக்கு ஆகாதே. எல்லாவற்றையும் நானே கழுவினேன். தண்ணீர் கடகடவென்று இறங்கியது. தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம், அழுது வறண்ட தொண்டையோடு அண்ணி ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு குடிக்கும் சத்தம் கேட்டது.

ஆமாம், தெரிந்தேதான். மூடியைத் தூக்கிய அன்றிலிருந்து தெரியும். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், நான் பொய் சொல்கிற ஆள் இல்லை.

சரி, ஆரம்பியுங்கள். சுவரோரத்திலிருந்து உடையுங்கள். நடுவில் இருக்கும் டைல்ஸ்மேல் கொஞ்சம் கை பதமாக இருக்கட்டும். அண்ணன் தடவிப் பார்த்தது அங்கேதான்.