வேர்முடிச்சில் பிழைத்த தாய்க்குப்பி

மண்ணைக் கண்ணாய்க் காத்த மாண்பே! முகர்ந்தே நிலத்தின் நலமறியும் மூக்குக்குச் சொந்தக்காரரே! இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் நுண்ணுயிர் ஆய்வகத்தின் நிகரில்லாத் தலைவியே, வணக்கம்!

காற்றில் கொட்டிக் கிடக்கும் நைட்ரஜனைச் செடியால் நேராக உண்ண முடியாது. பயறுச் செடியின் வேர்முடிச்சில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை அம்மோனியாவாக்கி ஊட்டுகின்றன. மட்கியதில் பிறக்கும் அம்மோனியாவை மண்ணிலுள்ள வேறு சில, நைட்ரேட்டாக மாற்றி வேருக்கு வைக்கின்றன. மிஞ்சியதை இன்னும் சில காற்றுக்கே திருப்பி அனுப்புகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்தக் கூட்டத்தை "நம்ம வீட்டு ஆளுங்க" என்பீர்கள். வீட்டு ஆட்களிடம் காட்டாத பொறுமையை அவற்றிடம் காட்டினீர்கள் என்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உங்கள் கணவர் சொல்கிறார். மறுக்க எங்களிடம் சான்று இல்லை!

புகழ் மட்டும் பாடினால் நீங்களே நம்பமாட்டீர்கள். ஆகவே உங்கள் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். விதைப்பு நெருங்கிய ஒரு நாள், கழுவிய குப்பிகளோடு, மூல பாக்டீரியாவைக் காத்து வைத்திருந்த தாய்க்குப்பியையும் ஆட்டோகிளேவில் வைத்து நீராவியில் அவித்துவிட்டீர்கள். கிருமி கொல்லும் கருவி, நல்லது கெட்டது பார்க்காமல் கொன்றது. வட்டாரம் முழுவதற்கும் விதையில் கலந்து தர வேண்டிய பாக்டீரியாவுக்கு அதுவே வித்து. வேறு குப்பி இல்லை. மின்தடை மேல் பழியைப் போட்டுவிடலாம் என்றோம். நீங்கள் காதில் வாங்கவில்லை. வாசலில் காத்திருந்த உழவர்களிடம் போய், "தப்பு என்னோடது. நானே அவிச்சுட்டேன்" என்றீர்கள். அவர்கள் கலைந்துபோனார்கள்.

மறுநாள், முன்னதாக விதைத்த வயல்களிலிருந்து வேரும் மண்ணுமாகச் செடிகளைச் சுமந்துகொண்டு அவர்கள் திரும்பி வந்தார்கள்.

"போன தடவ நீங்க குடுத்ததுதாம்மா. எங்க வேர்ல பத்திரமா இருக்கு, எடுத்துக்குங்க" என்றார் ஒரு பெண்.

முடிச்சொன்றை நகத்தால் பிளந்தீர்கள். உள்ளே இளஞ்சிவப்பு, பாக்டீரியாக்கள் வேலை செய்வதன் அடையாளம்; அத்தனையும் உயிரோடு இருந்தன. தவறு நேர்ந்தபோது கலங்காத நீங்கள் அப்போது அழுதீர்கள். நாங்களும் அழுதோம். அந்த வேர்களிலிருந்து வளர்த்தெடுத்ததைத்தான் இன்றும் வழங்குகிறோம்.

நோயின்றி, நொடியின்றி, நிறைந்த மனத்தோடு நெடுங்காலம் வாழ்க! விடைபெறுமுன் ஒரு செய்தி: போன வாரம் எங்களில் ஒருவர், யாரும் கேட்பதற்கு முன்பே எழுந்து, "நான்தான் கெடுத்துட்டேன்" என்றார். உங்களிடமிருந்து எங்களுக்குத் தொற்றியது அது. மருந்து தேடமாட்டோம்.

என்றும் உங்கள் அன்பில்,
ஆய்வகப் பணியாளர்கள்