எங்க லைன்ல இல்லாத போன்

பத்துமலைக்குப் போகும் கோமுட்டர் ரயிலில், அர்ச்சனைக் கூடையோடு எதிரே இருந்தவர் தோழியிடம் சொன்னார்:

“அந்தப் புதுப் போன் எங்க லைன்ல இல்லாததுக்குத்தான் இந்த அர்ச்சனை.”

“என்னடி சொல்ற?”

“எங்க போன் லைன் சின்ன கம்பெனி லா. ஆயிரக்கணக்குல எடுத்தாதான் போன்காரன் குடுப்பானாம், இவங்களால முடியல. எங்க வீட்டுக்காரரு ஆசைப்பட்டாருன்னு வேற லைனுக்கு மாறப் போனோம். அந்தக் கடைப் பொண்ணே, ‘போர்ட்ல வேலையா அங்கிள்? கண்டெய்னர் நடுவுல எங்க லைன் கிடைக்காது, மாறாதீங்க’ன்னுச்சு. போன வாரம் அந்தக் கண்டெய்னர் நடுவுலதான் அவருக்கு நெஞ்சு வலி. எங்க லைன் உடனே கிடைச்சிச்சு, ஆம்புலன்ஸும் வந்துச்சு. இப்ப வீட்டுல படுத்துக்கிட்டு, புதுப் போன் இல்லன்னு என்னை ஏசுறாரு.”

“அப்ப அண்ணன் பேருக்குத்தான் அர்ச்சனையா?”

“அந்தப் பொண்ணு பேருக்கு. ஆயிஷா. நட்சத்திரம்தான் தெரியல.”